எலிக்கு ஈரல் மாற்றியாயிற்று, சரி. அந்த எலிக்கு என்ன நோய்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லீரல் மாற்று அறுவை பற்றிய ஆராய்ச்சிச் செய்திகள் நம் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. வரவேற்க வேண்டிய விஷயம். புதிய மருந்து, ஈரலைக் கெடாமல் வைக்கும் புதிய கரைசல், மரபணு திருத்திய பன்றி என்று தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஈரல் கொடுத்த விலங்கைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். அந்த ஈரலை வாங்கிக்கொண்ட விலங்கு கத்தி வைப்பதற்கு முன் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இருக்காது. விலங்காய்வுக் கூட வேலை தெரிந்தவர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அதே கை, அதே ஈரல், அதே நூல் என்றாலும் வாங்கிக்கொள்ளும் உடம்பு மாறினால் முடிவு மாறிவிடும். சில நேரம் தலைகீழாகவே மாறும்.

மலேசியாவின் செலாயாங் மருத்துவமனையில் ஈரலுக்காகக் காத்திருப்பவரின் நிலை தெரிந்ததே. வயிற்றில் நீர் கோத்திருக்கும், கண் மஞ்சளித்திருக்கும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும், தொடைச் சதை வற்றியிருக்கும், பலருக்குப் பல வருட இனிப்புநீர் (நீரிழிவு) வேறு. ஆய்வுக்கூட எலியோ 10 முதல் 12 வார வயது, 250 கிராம் எடை, ஆண், முந்தைய நாள்வரை வயிறு நிறையத் தின்ற உடம்பு. அதன் நல்ல ஈரலை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல ஈரலை வைக்கிறார்கள். பெரும்பாலான எலி ஆய்வுகள் இப்படித்தான் நடக்கின்றன. அதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கேள்வியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அதுதான் சுத்தமான வழி. ஆனால் அந்த முடிவை அப்படியே தூக்கி நோயாளியின் தலையில் வைக்கும்போது என்னென்ன நழுவிப் போகின்றன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல இந்தக் கடிதம்.

முதலில் அறுவையையே எடுத்துக்கொள்வோம். எலிக்கு ஈரல் மாற்றும் முறை 1973ல் வந்தது. அப்போது நாளங்களைக் கையால் தைத்தார்கள். 1979ல் கேம்பிரிட்ஜில் கமாடாவும் ராய் கால்னும் 'கஃப்' முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை உலகம் முழுவதும் பெரும்பாலோர் செய்வது அதைத்தான், அல்லது அதன் சிறு மாற்றங்களை. கொடையாளி எலியின் போர்ட்டல் நாளத்தின் (குடல் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுவரும் நாளம்) முனையைச் சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, வெளிப்பக்கமாக மடித்து, நூலால் கட்டுவார்கள். பிறகு அந்தத் துண்டை ஏற்கும் எலியின் நாளத்துக்குள் செருகி மேலே ஒரு கட்டு. ஈரலுக்குக் கீழேயுள்ள பெருஞ்சிரைக்கும் இதே வேலைதான். ஈரலுக்கு மேலே, உதரவிதானத்தை ஒட்டியுள்ள பெருஞ்சிரையை மட்டும் 7-0 அல்லது 8-0 என்ற மிக மெல்லிய நூலால் தைக்க வேண்டும். பித்தக் குழாய்க்குள் ஒரு சிறு குழாய். எலிக்குப் பித்தப்பை கிடையாது என்பதால் அந்த வேலை மிச்சம். ஈரலுக்குப் போகும் தமனியைப் பலர் இணைப்பதே இல்லை. ஆரோக்கியமான எலி அதையும் தாங்கிக்கொள்ளும். மனிதருக்கு அந்தத் தமனி அடைத்தால் பித்தக் குழாய்கள் அழுகி மறுபடியும் ஈரல் தேட வேண்டியிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே சில 'வெற்றி'களைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

பழைய ஈரலின் நாளங்களைக் கிளாம்ப் போட்டு அடைத்த கணத்திலிருந்து புது ஈரலுக்குள் போர்ட்டல் இரத்தம் பாயும்வரை எலி ஈரலே இல்லாமல் கிடக்கிறது. இந்த இடைவெளியை 20 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். 25ஐத் தாண்டினால் கவலை. 30ஐத் தாண்டினால் எலி பிழைப்பது அரிது. காரணம் குடலில் இருக்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் போக வழியில்லாமல் தேங்கும். குடல் கருஞ்சிவப்பாகி வீங்குவது கண்ணுக்கே தெரியும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து அழுத்தம் சரியும். வீங்கிய குடல் சுவர் வழியாகப் பாக்டீரிய நச்சு கசியும். கிளாம்பைத் திறந்ததும் தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் ஒரேயடியாக இதயத்தில் வந்து விழும். இத்தனைக்கும் 250 கிராம் எலியின் மொத்த இரத்தமே சுமார் 16 மில்லிலிட்டர்தான். ஒன்றரை மில்லிலிட்டர் சிந்தினால் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

அதனால் சின்னச் சின்ன விஷயங்களெல்லாம் உயிர் விஷயங்களாகின்றன. அடியில் வெப்பத் திண்டு வைத்து உடல் வெப்பத்தை 37 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். எலி குளிர்ந்துவிட்டால் ஈரல் சேதம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், கணக்கே கெட்டுவிடும். மேலும் குளிர்ந்தால் இதயம் தாளம் தப்பும். கிளாம்ப் போட்டதும் ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவை 0.5 விழுக்காட்டுக்குக் குறைப்பார்கள், சிலர் கிட்டத்தட்ட நிறுத்தியே விடுவார்கள். அழுத்தம் சரிந்த எலிக்கு வழக்கமான அளவு மயக்கமே விஷம். கிளாம்பை எடுத்தவுடன் வெதுவெதுப்பான சலைன் 1 அல்லது 2 மில்லிலிட்டர். ஏற்கும் எலி கொடையாளியைவிடக் கொஞ்சம் எடை கூடியதாக இருக்கும்படி ஜோடி சேர்ப்பார்கள். ஈரல் பெரிதாகப் போனால் வயிற்றை மூடும்போது நாளம் மடங்கும். வெளியிலிருந்து வாங்கி வந்த எலியைக் குறைந்தது ஒரு வாரமாவது கூண்டில் பழகவிட வேண்டும். பயணக் களைப்பில் எடை இறங்கிய எலியை மறுநாளே மேசைக்கு எடுத்தால், கிளாம்ப் நேரம் 18 நிமிடமாக இருந்தாலும் அது மாலைக்குள் போய்விடக்கூடும். அப்போது குற்றம் அறுவை செய்தவரின் கைமேல் விழும்.

இனிச் சொல்லப்போவது பலருக்கு விசித்திரமாக இருக்கலாம். கிளாம்ப் போட்டவுடன் நல்ல எலி தத்தளிப்பதற்கு அதன் ஆரோக்கியமும் ஒரு காரணம். நல்ல உடம்பில் குடல் இரத்தம் ஈரல் வழியாக மட்டுமே இதயத்துக்குப் போகிறது. வேறு பாதை உருவாக வேண்டிய தேவை அதற்கு வந்ததே இல்லை. சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) வந்த உடம்பில் ஈரல் இறுகி வழியை மறிக்க மறிக்க, உணவுக்குழாய் ஓரத்திலும் மண்ணீரலைச் சுற்றியும் மாற்று நாளங்கள் பருத்து வளர்ந்திருக்கும். நோயாளிக்கு இரத்த வாந்தி வருவது இந்த நாளங்கள் வெடிப்பதால்தான். ஆனால் அறுவை மேசையில் அதே நாளங்கள் வடிகாலாக உதவுகின்றன. கிளாம்ப் போட்டாலும் குடல் இரத்தத்தில் ஒரு பங்கு அவற்றின் வழியே தப்பித்துப் போகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நோயாளியின் உடம்பு நல்ல உடம்பைவிட மேல்.

இதை அறியாததற்கு மருத்துவ உலகம் விலை கொடுத்திருக்கிறது. 1950களின் இறுதியில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் நாய்களுக்கு ஈரல் மாற்றிப் பழகினார்கள். எல்லாம் ஆரோக்கியமான நாய்கள். குடலிலும் பின்னங்கால்களிலும் தேங்கும் இரத்தத்தைப் பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கழுத்துச் சிரைக்குத் திருப்பினால்தான் அவை பிழைத்தன. அதனால் மனிதருக்கும் அந்தக் குழாய் இன்றியமையாதது என்று முடிவு கட்டினார்கள். 1963 மார்ச் 1ஆம் தேதி டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் உலகின் முதல் மனித ஈரல் மாற்றைச் செய்தார். பித்தக் குழாய்கள் உருவாகாமல் பிறந்த மூன்று வயதுக் குழந்தை. இரத்தப்போக்கு நிற்காமல் மேசையிலேயே இறந்தது. அந்த ஆண்டு அடுத்தடுத்து செய்யப்பட்டவர்களும் சில வாரங்களைத் தாண்டவில்லை. இரத்தப்போக்கை நிறுத்தக் கொடுத்த மருந்துகளால் அந்தக் குழாயிலேயே இரத்தம் உறைந்து, கட்டிகள் நுரையீரலுக்குப் போய் அடைத்தன. நாயைக் காப்பாற்றிய குழாய் மனிதருக்கு ஆபத்தாயிற்று. பெரும்பாலான நோயாளிகளுக்கு அது கட்டாயமே இல்லை என்பது பிறகுதான் தெளிவாயிற்று. ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த முதல் நோயாளி 1967ல்தான் வந்தார். 1980களில் பம்ப் வைத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்து இல்லாமல், குழாய் முறையைப் பிட்ஸ்பர்க்கில் திருத்தினார்கள்; இன்று தேவைப்படுபவருக்கு மட்டும் அதைப் போடுகிறார்கள்.

மாற்று நாளங்களின் பங்கை மட்டும் தனியே பார்க்க எலியில் ஓர் எளிய வழி உண்டு. போர்ட்டல் நாளத்தோடு 20 கேஜ் ஊசி ஒன்றைச் சேர்த்துவைத்து நூலால் கட்டிவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். ஊசியின் தடிமன் அளவுக்கு மட்டும் வழி மிஞ்சும். இரண்டு வாரத்துக்குள் மாற்று நாளங்கள் வளர்ந்துவிடும். ஈரல் நன்றாகவே இருக்கும். சிரோசிஸின் மற்ற தொல்லைகள் எதுவும் கலக்காது.

மற்ற தொல்லைகள் என்றால் நிறைய. சிரோசிஸ் உடம்பில் உறைவுக் காரணிகள் குறைவு. பெருத்த மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளங்கள் விரிந்து, இதயம் வேகமாக இறைத்தும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் விளிம்பில் நிற்கும். புது ஈரலை வைத்த பிறகும் அந்த வேகமான ஓட்டம் உடனே அடங்காது. உறவினர் ஒருவரின் ஈரலில் பாதியை வெட்டி வைக்கும்போது இது பெரிய சிக்கல். மனிதரில் ஏற்பவர் எடையில் 0.8 விழுக்காடாவது ஈரல் வேண்டும் என்பது வழக்கமான எல்லை. 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். அதைவிடச் சிறிய ஈரலுக்குள் பெருத்த மண்ணீரலிலிருந்து வரும் வெள்ளம் பாய்ந்தால், நுண்நாளங்களின் உட்சுவர் உரிந்து, மஞ்சள் காமாலையும் வயிற்று நீரும் நிற்காமல் போகும். மண்ணீரல் தமனியைக் கட்டுவதோ மண்ணீரலையே எடுப்பதோ அந்த வெள்ளத்தைக் குறைக்கத்தான். ஆரோக்கியமான எலிக்குச் சிறிய ஈரல் வைத்து 'இவ்வளவு சிறியது போதும்' என்று காட்டும் ஆய்வில் இந்த வெள்ளத்தின் பெரும்பகுதி இருக்காது.

அப்படியானால் நோயுள்ள எலியையே பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். செய்கிறார்கள்; ஆனால் எலிக்கு நோய் உண்டாக்குவதே ஒரு தனிக் கலை. பழைய முறை, ஈரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடை எண்ணெயில் கலந்து வாரம் ஒன்றிரண்டு முறை வாய்வழிக் குழாயில் கொடுப்பது. குடிநீரில் ஃபீனோபார்பிட்டல் கலந்து ஈரலின் நொதிகளைத் தூண்டிவிட்டால் சேதம் வேகமாகும். 8 முதல் 12 வாரம் பிடிக்கும். எல்லா எலிக்கும் ஒரே அளவு கொடுத்தால் ஒன்று செத்துப்போகும், பக்கத்துக் கூண்டில் உள்ளதற்கு ஒன்றுமே ஆகாது. அதனால் ஒவ்வோர் எலியின் வார எடை இழப்பைப் பார்த்து அடுத்த அளவைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்க வேண்டும். இதில் பெரிய குறை, மருந்தை நிறுத்தினால் ஈரல் மெல்லத் தேறத் தொடங்கிவிடும். கடைசி அளவுக்கும் அறுவைக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதாத ஆய்வில் எந்த அளவு சிரோசிஸுக்கு ஈரல் மாற்றினார்கள் என்றே சொல்ல முடியாது. அறுவை அன்று மருந்தின் நஞ்சு உடம்பில் மிச்சமிருந்தாலும் சிக்கல்தான். புது ஈரலும் அதே நஞ்சைக் குடிக்கும்.

தையோஅசிட்டமைடு என்ற இன்னொரு நச்சுப்பொருள் தரும் சிரோசிஸ் கொஞ்சம் நிலையானது. ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் கணக்கில் வாரம் இரண்டு மூன்று முறை வயிற்றறைக்குள் ஊசி, சுமார் 12 வாரம். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்பதால் கையாளும் ஊழியர்களுக்கும், கூண்டுத் தூள் மாற்றுபவர்களுக்கும் கையுறையும் காற்றுறிஞ்சு மேசையும் கட்டாயம். பித்தக் குழாயைக் கட்டிவிடும் மூன்றாவது முறை நான்கு வாரத்தில் சிரோசிஸ் தரும். ஆனால் பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உறிஞ்சப்படாது, இரத்தம் உறையாது. முதல் அறுவையின் ஒட்டுகள் வேறு ஈரலைச் சுற்றிப் பிடித்திருக்கும். அவற்றைப் பிரிக்கும்போது கசியும் இரத்தம் சொட்டுச் சொட்டாக அந்த 16 மில்லிலிட்டர் கணக்கில் சேரும். பித்தக் குழாய் இணைப்புக்கும் நல்ல முனை மிஞ்சியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் யாரும் எழுதுவதில்லை. நோய் உண்டாக்கும் 12 வாரத்தில் மோசமான எலிகள் தாமாகவே இறந்துவிடும், அல்லது எடை 20 விழுக்காடு இறங்கியதால் விலங்கு நெறிக் குழு விதிப்படி வலியில்லாமல் முடித்துவைக்கப்படும். அந்த விதி சரியானது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அறுவை மேசைக்கு வந்து சேர்வது பிழைத்துக் கிடந்த திடமான எலிகள் மட்டுமே. 'சிரோசிஸ் எலிகள்' என்று கட்டுரையில் வரும் குழு, நோயாளிகளில் மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு ஈடாகாது. ஈரல் நோயின் தீவிரத்தைக் காட்டும், மனிதருக்கான மெல்டு மதிப்பெண் 6லிருந்து 40வரை போகிறது. 40க்கு அருகில் உள்ள நோயாளிக்கு ஒப்பான எலியை நெறிக் குழு ஒருநாளும் உயிரோடு விட்டுவைக்காது.

ஈரலை உடம்பு ஏற்பதா மறுப்பதா என்பதிலும் ஏற்கும் விலங்குதான் தீர்ப்புச் சொல்கிறது. டிஏ மரபின எலியின் ஈரலை பிவிஜி எலிக்கு வைத்தால், எந்த மருந்தும் இல்லாமல் நீண்ட காலம் வாழும். அதே டிஏ ஈரலை லூயிஸ் எலிக்கு வைத்தால் இரண்டு வாரத்துக்குள் மறுப்பு முற்றி இறந்துவிடும். கொடையாளி ஒன்றுதான். பன்றிகளில் மருந்தில்லாமலே ஈரல் நிலைப்பதை கால்ன் 1969லேயே காட்டினார். சுண்டெலிகளிலும் அது வழக்கம். இதைப் படித்துவிட்டு, மருந்தில்லா ஈரல் மாற்று வந்துவிட்டது என்று செய்தி எழுதினால் அது பெரும் பிழை. நோய்க்கிருமி அண்டாத கூண்டில் வளர்ந்த சுண்டெலியின் எதிர்ப்பு அணுக்கள் பச்சைக் குழந்தையுடையதைப் போல அனுபவமற்றவை. கடையில் விற்கும் சுண்டெலிகளோடு சேர்த்து வளர்த்தால் அவை வளர்ந்த மனிதருடையதைப் போல மாறுவதை 2016ல் காட்டினார்கள். பழைய வைரஸ் தொற்றுகளின் நினைவு கொண்ட அணுக்கள் புது உறுப்பையும் தாக்கும். டெங்கி, மஞ்சள் காமாலை, காசநோய் என்று எல்லாம் பார்த்த நம் உடம்புக்கு எந்தச் சுண்டெலி ஒப்பு?

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. விலங்குக் கூடங்களைக் குளிரூட்டி வைத்து 22 பாகை அளவில் வைத்திருக்கிறார்கள். ஊழியருக்கு அது சுகம். சுண்டெலிக்குச் சுகமான வெப்பம் 30 பாகைக்கு அருகில். 22ல் அது ஓயாமல் உடம்பைச் சூடாக்கவே சக்தியைச் செலவிடும், எதிர்ப்பு அணுக்களின் நடத்தையும் மாறும். மின்சாரம் தடைப்பட்டுக் குளிரூட்டி நின்றால் சில மணி நேரத்தில் அறை 30ஐத் தாண்டும். அந்த வாரம் அறுவை நடந்தால் அறை வெப்பத்தையும் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். கூண்டில் கூடு கட்டக் காகிதத் துண்டு போட்டிருக்கிறார்களா என்பதுகூட முடிவைத் தொடும்.

இனிப்புநீருக்கு வருவோம், ஏனென்றால் இது நம் வீட்டு விஷயம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஈரல் ஆய்வில் எலிக்கு நீரிழிவு உண்டாக்கப் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோஸோடோசின் ஊசி போடுகிறார்கள். அமிலத்தன்மை (pH) 4.5 உள்ள சிட்ரேட் கரைசலில் அவ்வப்போது புதிதாகக் கலந்து, கிலோவுக்கு 50 முதல் 65 மில்லிகிராம். மூன்று நாள் கழித்து வாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் சர்க்கரை லிட்டருக்கு 16.7 மில்லிமோலுக்கு மேல் இருக்கும். உயர்ந்த சர்க்கரையோடு ஈரலுக்கு இரத்தம் நிறுத்தி விட்டால் சேதம் கூடுகிறது என்பது விலங்குகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. ஆனால் இந்த ஊசி கணையத்தின் இன்சுலின் அணுக்களைக் கொன்று உண்டாக்கும் நோய் வேறு. நம்மவர்களுக்கு உடல் பருமனோடும் கொழுப்பு ஈரலோடும் வரும் இரண்டாம் வகை வேறு. இந்த மருந்து எந்த வாசல் வழியாகக் கணைய அணுவுக்குள் நுழைகிறதோ அதே வாசல் ஈரல் அணுவிலும் இருக்கிறது. அதனால் ஈரலும் கொஞ்சம் கெடும். ஊசி போட்ட மறுவாரமே அறுவை செய்தால் எது சர்க்கரையின் வேலை, எது மருந்தின் வேலை என்று பிரிக்க முடியாது.

கொழுப்பு ஈரலுக்குப் பலர் கொடுக்கும் மெத்தியோனின், கோலின் ஆகிய சத்துகள் இல்லாத தீனியும் இப்படித்தான். ஈரலில் கொழுப்பு ஏறும், ஆனால் எலி இளைத்துப் போகும். தாமான் (குடியிருப்பு) நடைபாதையில் மருத்துவர் சொல்லி நடக்கிறவர் யாரும் அந்த எலியைப் போல் இருப்பதில்லை. தவிர, மாற்று அறுவைக்குப் பிறகு, உடம்பு ஈரலை மறுக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவருக்கு அது கூடுதல் சுமை. இளம் எலியில் ஒரு மாதம் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பன்றி ஈரல் செய்திகளைப் படிக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் சீனாவின் சியான் நகரில் ஆறு மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றியின் ஈரல் மனித உடம்பில் 10 நாள் வேலை செய்தது. விவரம் 2025ல் வெளியானது. ஏற்றவர் மூளைச்சாவு அடைந்தவர். அவருடைய சொந்த ஈரலும் உள்ளேயே இருந்தது. மூளைச்சாவே உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்பும். ஆகவே புது ஈரலுக்கு ஒரு பக்கம் உதவி, இன்னொரு பக்கம் இடையூறு. பபூன் குரங்குகளில், அவை ஆரோக்கியமாக இருந்தும், உறைவுக் காரணிகளை ஏற்றிக்கொண்டே இருந்தும், 2017ல் அறிவிக்கப்பட்ட அதிகபட்சம் 29 நாள். 1992ல் பிட்ஸ்பர்க்கில் பபூன் ஈரல் வைக்கப்பட்ட 35 வயது நோயாளி 70 நாள் வாழ்ந்தார். அவருக்கு ஹெப்படைட்டிஸ் பியும் எச்ஐவியும் இருந்தன. பூஞ்சைத் தொற்று மூளை நாளத்தை அரித்து இரத்தம் கசிந்து இறந்தார். இந்த மூன்று எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டால் எதுவும் விளங்காது.

கடைசியாக உணவு. சுண்டெலிகளுக்கு ஒரு நாள் தீனியை நிறுத்தினால் இரத்தத் தடையால் ஈரலுக்கு வரும் சேதம் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். இது உண்மை. இதை 'அறுவைக்கு முன் விரதம் ஈரலுக்கு நல்லது' என்று யாராவது வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பினால் நம் ஆட்களில் பலர் தயங்காமல் கடைப்பிடிப்பார்கள். தைப்பூச விரதம் இருந்து பழகிய சமூகம். ஒரு நாள் பட்டினியில் சுண்டெலி தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். அதன் ஒரு நாளும் நம் ஒரு நாளும் ஒன்றில்லை. அதைவிட முக்கியம், அந்தச் சுண்டெலிக்கு ஈரல் நோய் கிடையாது. சிரோசிஸ் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. ஓர் இரவு சாப்பிடாமல் தூங்கி எழும் நோயாளியின் உடம்பு, நல்ல மனிதர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஆகும் நிலைக்குப் போய், தன் தசையையே கரைத்து எரிக்கும். அதனால்தான் இவர்களுக்குப் படுக்கும் முன் சிற்றுண்டி கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஈரல் நோய் என்றதும் முட்டை, மீன், பருப்பை நிறுத்திக் கஞ்சியோடு படுக்க வைக்கும் வழக்கம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. அது நோயாளியை மேசைக்குப் போகுமுன்பே பலவீனப்படுத்துகிறது. சரியான அளவை அவரவர் உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எலிக்கு வாந்தி எடுக்கவே தெரியாது என்பதால் மயக்கத்துக்கு முன் அதை வெறும் வயிற்றில் வைக்கும் தேவையும் மனிதருக்கு உள்ளது போன்றதல்ல.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. இத்தகைய செய்தியை மொழிபெயர்க்கும்போது மூலக் கட்டுரையின் 'செய்முறை' பகுதியைத் திறந்து, ஏற்ற விலங்கின் வயது, எடை, மரபினம், நோய் இருந்ததா, இருந்தால் எப்படி உண்டாக்கினார்கள், தமனியை இணைத்தார்களா என்பவற்றை இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010ல் வந்து 2020ல் திருத்தப்பட்ட அரைவ் வழிகாட்டி இவற்றையெல்லாம் கேட்கிறது. ஒழுங்கான கட்டுரையில் இருக்கும். கூடவே ஒரு வாசகத்தையும் தேடிப் பாருங்கள்: அறுவை முடிந்து 24, 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் இறந்தவை 'தொழில்நுட்பத் தோல்வி' என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டன என்பது அது. நூல் அவிழ்ந்து இறந்த எலியை நீக்குவது நியாயம். ஆனால் நோயுற்ற எலி முதல் இரண்டு நாளில் இறந்தால் அது கையின் தோல்வியா, உடம்பின் தோல்வியா? பிரேதப் பரிசோதனை செய்து பிரித்திருந்தால் எண்ணிக்கையோடு எழுதியிருப்பார்கள். நீக்கப்பட்டவை எத்தனை, அவை எந்தக் குழுவைச் சேர்ந்தவை என்று போடாமல் 'நூற்றுக்கு நூறு' என்றிருந்தால், அந்த எண்ணைத் தலைப்பில் ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
விலங்காய்வுக் கூடத் தொழில்நுட்பப் பணியாளர்கள் இருவர்,
குளுகோர், பினாங்கு.